கோலாலம்பூர் நகர நடுவும் உள்ளூர்ச் செய்தியும்: அச்சிதழ் முதல் இணையத்தளம் வரை

முன்னுரை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசாணைகளையும் ஆண்டறிக்கைகளையும் முதலில் நாடுவது வழக்கம். ஆயினும், எந்தத் தெருவில் எந்தக் கடை எப்போது மூடப்பட்டது, வெள்ளம் எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, எந்த நாளில் மக்கள் எவ்விடத்தில் கூடினர், அவர்களை யார் கலைத்தனர் என்பன போன்ற செய்திகளை அவ்வாவணங்களில் காண்பது அரிது. அவற்றை எழுதி வைத்தவர்கள் உள்ளூர்ச் செய்தியாளர்கள். அன்றன்று படித்து மறக்கப்படும் செய்தியே பிற்காலத்தில் வரலாற்று மாணவனுக்குச் சான்றாகின்றது.

கோலாலம்பூரில் அத்தகைய செய்தி நூறாண்டுக்கு மேலாகத் தாளில் அச்சாகி வந்தது. 1999ஆம் ஆண்டு முதல் அது இணையத்தளங்களுக்கும் பெயர்ந்தது. இப்பெயர்ச்சியால் நகர நடுவின் நிகழ்வுகள் பதிவாகும் முறை எவ்வாறு மாறியது என்பதையும், அங்கு நெடுங்காலமாக வாழ்ந்தும் வணிகம் செய்தும் வரும் தமிழருக்கு அம்மாற்றம் என்ன பொருளைத் தந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. இணையத்தளம் உள்ளூர்ச் செய்தியை உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது என்பதும், அதேவேளையில் அச்செய்தியின் ஆயுளைக் குறைத்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நகர நடுவு என்று இங்குக் குறிக்கப்பெறுவது, கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தைச் சூழ்ந்த பழைய நகரப் பகுதியும் அதனோடு தொடர்புடைய ஜாலான் அம்பாங், பிரிக்பீல்ட்ஸ் ஆகிய பகுதிகளுமாகும்.

1. நகர நடுவும் தமிழரும்

ஈய வணிகத்தால் எழுந்த கோலாலம்பூர், 1881ஆம் ஆண்டின் தீயாலும் வெள்ளத்தாலும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. அத்தாப்புக் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. செங்கற்சூளைகள் நிறைந்த பகுதி பிரிக்பீல்ட்ஸ் என வழங்கலாயிற்று. 1886ஆம் ஆண்டில் கிள்ளான் பக்கமிருந்து இரயில் பாதை கோலாலம்பூரை எட்டியதும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாகவும் வளர்ந்தது. தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்குக் குடியேறினர்.

இதற்கு முன்பே நகர நடுவில் தமிழர் கால்கொண்டுவிட்டனர். இந்திய முஸ்லிம் வணிகர்களால் 1863ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பள்ளிவாசல், ஜாலான் மஸ்ஜித் இந்தியா என்னும் தெருவுக்குப் பெயர் தந்தது. கா. தம்புசாமிப் பிள்ளை 1873ஆம் ஆண்டில் தோற்றுவித்த மகாமாரியம்மன் ஆலயம், 1885ஆம் ஆண்டில் ஹை ஸ்திரீட்டுக்கு இடம்பெயர்ந்தது. இன்று ஜாலான் துன் எச்.எஸ். லீ என வழங்கும் அத்தெருவிலிருந்தே தைப்பூசத் தேர் பத்துமலைக்குப் புறப்படுகின்றது. லெபோ அம்பாங்கில் நகரத்தார் வட்டிக்கடைகளை நடத்தினர். பத்து ரோட்டில் துணிக்கடைகளும் உணவுக்கடைகளும் பெருகின.

தோட்டப்புறத்திலிருந்து விடுமுறை நாளில் வருவோர் துணி வாங்குவதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், ஆலயம் செல்வதும், வழக்கறிஞரைக் காண்பதும் இப்பகுதியிலேயே. ஆகவே நகர நடுவைப் பற்றிய செய்தி நகரவாசிகளுக்கு மட்டுமன்றித் தோட்டத் தமிழர்களுக்கும் உரியதாக இருந்தது. தமிழ் நாளிதழ்கள் கோலாலம்பூரில் நிலைகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2. அச்சிதழ்க் காலம்

கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகராகக் கோலாலம்பூர் அமைந்த அதே 1896ஆம் ஆண்டில், டிசம்பர் 14ஆம் நாள் 'மலாய் மெயில்' வெளிவந்தது. இது அம்மாநிலங்களின் முதல் நாளிதழாகும். இதைத் தொடங்கிய ஜே.எச்.எம். ராப்சன் சிலாங்கூர் அரசுப் பணியிலிருந்து விலகியவர். ஐரோப்பிய வணிகருக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் உரிய இதழாகவே அது தொடங்கிற்று. ஆயினும் பிற்காலத்தில் தெரு விளக்கு, சாக்கடை, பேருந்து, நடைபாதைக் கடை என நகரின் அன்றாடக் குறைகளைக் கவனிக்கும் நகர இதழாக அது பெயர் பெற்றது.

தமிழில் இப்பணியைச் செய்தவற்றுள் முதன்மையானது 'தமிழ் நேசன்'. நரசிம்ம ஐயங்கார் 1924ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இதனைத் தோற்றுவித்தார். தொடக்கத்தில் வார இதழாக இருந்து பின்னர் நாளிதழாயிற்று. இந்தியச் செய்திகளுக்கும் தோட்டச் செய்திகளுக்கும் இடையே கோலாலம்பூர்ச் சங்கங்களின் கூட்டங்கள், ஆலயத் திருவிழாக்கள், நீதிமன்ற வழக்குகள், கடைத் திறப்பு விழாக்கள் ஆகியவையும் அதில் இடம்பெற்றன. இன்று மலேசியத் தமிழரின் நகர வாழ்வை ஆராய விரும்புவோர்க்கு இச்சிறு செய்திகள் தலையங்கங்களைவிடப் பயன்படுகின்றன.

உள்ளூர்ச் செய்தி திரட்டப்பட்ட முறை எளிமையானது. செய்தியாளர் நாள்தோறும் குறித்த சில இடங்களுக்குச் செல்வார். நீதிமன்றம், காவல் நிலையம், நகராண்மைக் கழகம், மருத்துவமனை, இரயில் நிலையம், ஆலய நிருவாகம் ஆகியவை அவ்விடங்கள். இவற்றுட் பெரும்பாலானவை ஒரே நடை தூரத்தில் இருந்தன. திடலுக்கு எதிரே 1897ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் அதனை அடுத்த அரசு அலுவலகங்களும் செய்திக்கு ஊற்றாக விளங்கின. நகர நடுவில் அரசு இருந்தமையால் செய்தியும் அங்கேயே பிறந்தது.

ஆனால் அச்சிதழ் அரசின் உரிமத்தை நம்பி வாழ்ந்தது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி நாளிதழ்கள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' என்னும் நடவடிக்கையின்போது 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வாத்தான்' ஆகிய மூன்று இதழ்களின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே அவை மீண்டும் வெளிவர முடிந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமம் 2012ஆம் ஆண்டின் திருத்தம் வரை நீடித்தது.

உரிமத்தோடு உடைமையும் சேர்ந்து இதழ்களைக் கட்டுப்படுத்தியது. பெரிய இதழ்கள் ஆளும் கூட்டணிக் கட்சிகளோடு தொடர்புடையோரின் கையில் இருந்தன. தமிழ் இதழ்களும் இதற்கு முழு விலக்கல்ல. எனவே சாக்கடை அடைப்பை எழுதுவதற்குத் தடையில்லை. ஆனால் அதே தெருவில் நடக்கும் அரசியல் கூட்டத்தை எழுதுவதற்கு ஆசிரியர் பலமுறை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

3. 1998-1999: நகரிலிருந்து அரசு வெளியேறியதும் இணையத்தளம் நுழைந்ததும்

1990களின் இறுதியில் இரண்டு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. முதலாவது, அரசு நகர நடுவை விட்டு நீங்கத் தொடங்கியது. 1999ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்குச் சென்றது. அமைச்சுகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. கோலாலம்பூர் நீதிமன்றங்களும் 2007ஆம் ஆண்டில் ஜாலான் டூத்தா வளாகத்திற்கு மாறின. நகர நடுவில் எஞ்சியவர்கள் வணிகரும், பயணிகளும், தொழிலாளருமே.

இரண்டாவது மாற்றம் அரசியல் சார்ந்தது. 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அம்மாதம் 20ஆம் நாள் டத்தாரான் மெர்டேக்காவில் பெருங்கூட்டம் கூடியது. அன்றிரவே அவர் கைது செய்யப்பட்டார். அதன் பின் பல வாரங்கள் டத்தாரான் மெர்டேக்கா, மஸ்ஜித் ஜாமேக், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் ஆகிய இடங்களில் மக்கள் கூடுவதும் காவல்துறையினர் கலைப்பதுமாக இருந்தது. தெருவில் தாம் கண்டதற்கும் மறுநாள் இதழில் படித்ததற்கும் இடையே இருந்த வேறுபாட்டை நகர மக்கள் நேரில் உணர்ந்தனர். அரசு நீங்கிச் சென்ற நகர நடுவு இவ்வாறு மக்கள் கூடும் களமாயிற்று.

இச்சூழலில் 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் 'மலேசியாகினி' தொடங்கப்பெற்றது. பத்தாவது பொதுத் தேர்தலுக்கு அப்போது ஒன்பது நாள்களே இருந்தன. இதனைத் தோற்றுவித்த ஸ்டீவன் கான், பிரேமேஷ் சந்திரன் இருவரும் 'தி சன்' நாளிதழில் பணியாற்றியவர்கள். தென்கிழக்காசியப் பத்திரிகையாளர் கூட்டமைப்பின் உதவித்தொகை தொடக்க முதலாக அமைந்தது. பங்சாரில் சிறிய அலுவலகத்தில் ஒரு சில செய்தியாளர்களோடு பணி தொடங்கியது.

இத்தளம் உரிமமின்றி இயங்க முடிந்ததற்குச் சட்டக் காரணம் உண்டு. பல்லூடகப் பெருவழித் திட்டத்திற்கு வெளிநாட்டு முதலீட்டாளர்களை ஈர்க்க விரும்பிய அரசு, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என உறுதியளித்திருந்தது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலும் அவ்வுறுதி இடம்பெற்றது. அச்சு இயந்திரத்திற்கு உரிமம் வேண்டும். அச்சு இயந்திரமே இல்லாத தளத்திற்கு அவ்வுரிமம் தேவைப்படவில்லை. பொருளாதார நோக்கத்திற்காகத் திறக்கப்பட்ட கதவின் வழியே செய்தியும் நுழைந்தது.

இதே பத்தாண்டில் தமிழும் இணையத்தில் கால்பதித்தது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழெழுத்தில் தோன்றின. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. ஆயினும் அக்காலத்தில் எழுத்துருக் குறியீடுகள் பலவாக இருந்தமையால், ஒரு தளத்தின் தமிழ் மற்றொரு கணினியில் படிக்க இயலாத குறிகளாகத் தோன்றுவதுண்டு. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்ச் செய்தித் தளம் நடத்துவது எளிதாயிற்று. 2012ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பெற்ற 'செல்லியல்' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

4. செய்தித் தளம் நடத்துதல்

செய்தித் தளத்திற்குத் தாளும் மையும் விநியோக வண்டியும் தேவையில்லை. எனினும் அதற்குரிய இடர்கள் வேறு. முதல் இடர் பணம். 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது விளம்பர வருவாய் பொய்த்தது. மலேசியாகினி 2002ஆம் ஆண்டில் கட்டண முறைக்கு மாறியது. இணையத்தில் எல்லாம் இலவசம் என்று எண்ணியிருந்த வாசகரிடம் சந்தா கேட்பது அன்று துணிவான முயற்சியாகும்.

இரண்டாவது இடர் நுழைவு பற்றியது. தகவல் அமைச்சின் செய்தியாளர் அட்டை நெடுங்காலம் இணையத்தளச் செய்தியாளர்க்கு மறுக்கப்பட்டது. அட்டை இல்லாதவர் அரசு நிகழ்வுகளுக்குச் செல்வது கடினம். இத்தடை ஒரு வகையில் செய்தியாளரைத் தெருவுக்கு அனுப்பியது எனலாம். அமைச்சரின் செய்தியாளர் கூட்டத்தில் இடமில்லாதவர், அமைச்சரின் முடிவால் பாதிக்கப்பட்ட அங்காடிக்காரரையும் குடியிருப்பாளரையும் தேடிச் சென்றார். 1990களின் பிற்பாதியில் தொடங்கிய இலகு இரயில் சேவை, மஸ்ஜித் ஜாமேக் நிலையத்தை நகரின் சந்திப்பாக்கியது. செய்தியாளரும் கூட்டத்தினரும் அதே நிலையத்தில் இறங்கினர்.

மூன்றாவது இடர் சட்டம். 2003ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், ஒரு வாசகர் கடிதம் தொடர்பாக அம்னோ இளைஞர் பிரிவு அளித்த புகாரின் பேரில், காவல்துறையினர் மலேசியாகினி அலுவலகத்தில் சோதனை நடத்தி 19 கணினிகளை எடுத்துச் சென்றனர். அச்சகத்திற்கு முத்திரையிட்டால் இதழ் நின்றுவிடும். கணினிகள் போன பின்னும் தளம் மீண்டும் இயங்கியது. ஆயினும் இணையச் செய்திக்கு உரிமம் வேண்டாம் என்பதும் அது சட்டத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பதும் அன்று ஒருங்கே தெளிவாயின.

5. 2007 நவம்பர்: தெருவும் திரையும்

நகர நடுவும் செய்தித் தளமும் மிக நெருங்கிய மாதம் 2007 நவம்பர். அம்மாதம் 10ஆம் நாள் தூய்மையான தேர்தலைக் கோரி 'பெர்சே' அமைப்பின் பேரணி நடைபெற்றது. மஸ்ஜித் ஜாமேக் பகுதியில் கூடியோர் மீது நீர் பாய்ச்சப்பட்டது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மழையினூடே மக்கள் பேரரசர் மாளிகையை நோக்கிச் சென்றனர்.

அடுத்தது 25ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. 'இண்ட்ராப்' இயக்கம் அழைத்த பேரணி அன்று நிகழ்ந்தது. மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளரைப் பாதுகாப்பின்றி விட்டுச் சென்றமைக்காகப் பிரிட்டிஷ் அரசின் மீது அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இலண்டனில் வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தது. அதற்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருமாறு எலிசபெத் அரசியாரை வேண்டும் மனுவை அப்போது ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் அளிப்பதே பேரணியின் நோக்கம். ஆலயங்கள் இடிக்கப்பட்டமை, கல்வியிலும் வேலையிலும் கண்ட பின்னடைவு ஆகியவை அம்மனுவின் பின்னிருந்த மனக்குறைகள்.

விடியும் முன்பே பத்துமலை ஆலய வளாகத்தில் கூடியோர் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. காலையில் ஜாலான் அம்பாங்கிலும் இரட்டைக் கோபுரத்தைச் சூழ்ந்த சாலைகளிலும் கூடியோர் 10,000க்கும் மேற்பட்டவர் எனச் செய்தி நிறுவனங்கள் குறித்தன. பலர் வெளி மாநிலங்களிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். காந்தியடிகளின் படத்தை ஏந்தியவரும் பலர்.

இந்நிகழ்ச்சி பதிவான முறையே இக்கட்டுரைக்கு உரியது. 1998ஆம் ஆண்டில் கூட்டம் கலைந்த பின்னரே செய்தி வந்தது. 2007இல் செய்தியாளர்கள் நிகழ்விடத்திலிருந்தே நேரம் குறித்துச் செய்திகளை அனுப்பினர். ஒளிப்படங்களும் காணொளிகளும் அன்றைய நாளிலேயே வெளிவந்தன. ஆலய வாயிலில் நின்றவர் யார், கண்ணீர்ப்புகை எப்போது வீசப்பட்டது, மக்கள் எத்தெரு வழியே கலைந்தனர் என்பவற்றை வெவ்வேறு பதிவுகளை ஒப்பிட்டு அறிய முடிந்தது. மலேசியத் தமிழரின் பெருங்கூட்டம் ஒன்று, அரசு அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாத வகையில், இத்துணை நுணுக்கமாக உடனுக்குடன் பதிவானது அதற்கு முன் இல்லை எனலாம்.

டிசம்பர் 13ஆம் நாள் இயக்கத்தின் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 2008 மார்ச் 8ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்தின் 11 தொகுதிகளில் 10 எதிர்க்கட்சிகளுக்குச் சென்றன. இணையத்தைக் குறைத்து மதிப்பிட்டது தவறு என்று பிரதமர் அப்துல்லா அகமது படாவி அம்மாதமே ஒப்புக்கொண்டார். தேர்தல் முடிவுக்கு இணையமே காரணம் என்று கூறுதல் மிகையாகும். விலைவாசி, குற்றச்செயல், இனவுணர்வு எனக் காரணங்கள் பல. ஆனால் நகர நடுவில் நடந்ததை நகரத்தார் அனைவரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இணையம் ஒரு முதன்மைக் காரணம்.

அச்சிதழ் அப்போதும் எந்நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் 'மக்கள் ஓசை' நாளிதழின் உரிமம் புதுப்பிக்கப்படாது என உள்துறை அமைச்சு அறிவித்தது. எதிர்ப்புகள் எழுந்த பின்னர் அம்மாதத்திலேயே உரிமம் மீண்டும் வழங்கப்பட்டது. அதே காலத்தில் அதே செய்திகளை வெளியிட்ட இணையத்தளங்களுக்குப் புதுப்பிக்க வேண்டிய உரிமம் எதுவும் இல்லை. ஆங்கிலமும் மலாயும் சீனமும் அறிந்த வாசகர்க்குக் கிட்டிய இவ்வுரிமை, தமிழ் மட்டும் அறிந்த வாசகரை அன்று முழுமையாகச் சென்றடையவில்லை என்பதும் கருதத்தக்கது.

6. தாளின் ஆயுளும் தளத்தின் ஆயுளும்

செய்தித் தளங்கள் பெருகிய அடுத்த பத்தாண்டில் அச்சிதழ்கள் நலிந்தன. 'மலாய் மெயில்' 122 ஆண்டுகளுக்குப் பின் 2018 டிசம்பர்த் தொடக்கத்தில் அச்சை நிறுத்தி இணையத்தளமாக மட்டும் தொடர்ந்தது. 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியோடு நின்றது. நூற்றாண்டு நிறைவுக்கு இன்னும் ஐந்தாண்டுகளே இருந்தன.

தளங்களும் நிலையாக இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'தி மலேசியன் இன்சைடர்' குறுகிய காலத்தில் பெருவாரியான வாசகரைப் பெற்றது. 2016 பிப்ரவரியில் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதனை முடக்கியது. அடுத்த மாதம் 14ஆம் நாள், இழப்பைக் காரணங்காட்டி உரிமையாளர் அதனை மூடினார். எட்டாண்டுச் செய்திகளுக்கு அதன் பழைய முகவரி இனி உதவாது.

மலேசியாகினி தன் வாசகரின் துணையால் நிலைத்தது. வாசகர்கள் ஆளுக்கு ஆயிரம் ரிங்கிட் அளித்துச் செங்கல் வாங்கும் திட்டத்தின் வழியே உதவ, 2014ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவில் சொந்தக் கட்டடம் பெற்றது. 2021 பிப்ரவரி 19ஆம் நாள், வாசகர் ஐவர் தளத்தில் எழுதிய கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்திற்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. தலைமையாசிரியர் குற்றவாளியல்லர் எனத் தீர்க்கப்பட்டது. அபராதத் தொகை முழுவதையும் சில மணி நேரத்திலேயே மக்கள் திரட்டிக் கொடுத்தனர். இவ்வாதரவு பெருமைக்குரியது. ஆனால் ஒரு நகரத்தின் நினைவு ஒவ்வொரு முறையும் நன்கொடையை நம்பி வாழ இயலாது.

இங்குச் சிங்கப்பூரோடு ஒப்பிடுதல் பயன் தரும். சி.கு. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை நடத்திய 'சிங்கை நேசன்' மூன்றாண்டே வாழ்ந்த வார இதழ். அதன் இதழ்கள் நுண்படமாகக் காக்கப்பட்டு, அக்காலச் சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வை ஆராய்வோர்க்கு இன்றும் உதவுகின்றன. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தோற்றுவித்த 'தமிழ் முரசு' இதழின் பழைய பக்கங்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் காணலாம். எட்டாண்டு இயங்கிய இணையத்தளத்தைவிட மூன்றாண்டு வெளிவந்த தாளிதழ் ஆய்வாளர்க்கு எளிதில் கிட்டுகின்றது. தாள் வலியது என்பது இதற்குக் காரணமன்று. பல படிகளாகப் பரவிய தாளில் ஒன்றேனும் எங்கோ எஞ்சியது. எஞ்சியதைக் காப்பதற்கு ஒரு நூலகம் இருந்தது. தளத்திற்கு மூலப்படி ஒன்றே. அதற்குரியவர் கட்டணம் செலுத்துவதை நிறுத்தினால் அதுவும் இல்லை.

7. ஜாலான் மஸ்ஜித் இந்தியா: அண்மைச் சான்றுகள்

பதிவின் தேவையை ஒரு தெருவின் அண்மைக் கால வரலாறே காட்டும். 2024 ஆகஸ்டு 23ஆம் நாள் காலையில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் நடைபாதை உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண் ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழக் குழியில் வீழ்ந்தார். கழிவுநீர்க் குழாய்களிலும் நிலத்தடியிலும் ஒன்பது நாள் நடந்த தேடுதல் பயனின்றி முடிந்தது. இடையில் அருகிலேயே மற்றொரு குழியும் தோன்றியது. அந்நாள்களில் செய்தித் தளங்கள் மணிதோறும் செய்தி தந்தன. கடைக்காரர்களின் வணிக இழப்பும் வழிப்போக்கரின் அச்சமும் பதிவாயின. அந்நிலத்தின் அடியில் என்ன இருக்கின்றது, இதற்கு முன் அத்தெரு உள்வாங்கியதுண்டா என்னும் வினாக்கள் எழுந்தபோது, பழைய உள்ளூர்ச் செய்திகளையே தேட வேண்டியிருந்தது.

மற்றொன்று 2025ஆம் ஆண்டின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயச் சிக்கல். 130 ஆண்டுப் பழைமையுடையதெனக் குறிக்கப்பெறும் அவ்வாலயம் இருந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014ஆம் ஆண்டில் ஒரு துணி வணிக நிறுவனத்திற்கு விற்றிருந்தது. அந்நிறுவனம் அங்குப் பள்ளிவாசல் கட்ட முனைந்தபோது கருத்து வேறுபாடு எழுந்தது. மார்ச் இறுதியில், ஆலயத்தை அருகிலுள்ள வேறு நிலத்திற்கு மாற்றுவதென உடன்பாடு காணப்பட்டது. மார்ச் 27ஆம் நாள் பள்ளிவாசலுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

இச்சிக்கலில் எவர் கூற்று சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நில உரிமை சட்டத்தால் முடிவாவது. ஆனால் ஆலயம் எப்போது தோன்றியது, எங்கிருந்து எங்கு மாறியது, யார் சொல்லி மாறியது என்பவை வரலாற்று வினாக்கள். அவற்றுக்கு விடை கூற விரும்பியோர் முதியோரின் நினைவையும் சில பழைய தாள்களையும் நாட வேண்டியதாயிற்று. திருவிழாச் செய்தி, திருப்பணிச் செய்தி, நிருவாகக் கூட்டச் செய்தி என அன்று எளிதாகக் கருதப்பட்டவை, இன்று ஒரு சமூகத்தின் இருப்புக்குச் சான்றாகின்றன. 2025இல் இணையத்தில் வெளிவந்த அத்தனை செய்திகளும் 2075ஆம் ஆண்டில் எவருக்கேனும் தேவைப்படலாம். அவை அன்று இருக்குமா என்பதே கேள்வி.

முடிவுரை

கோலாலம்பூரின் உள்ளூர்ச் செய்தி மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. அரசு நகர நடுவில் இருந்த காலத்தில் அரசைச் சூழ்ந்து செய்தி திரட்டப்பட்டது. அரசு நீங்கியபின் தெருவும் தெருவில் கூடியவரும் செய்தியாயினர். உரிமம் தேவைப்படாத இணையத்தளம் அச்செய்தியை அச்சமின்றி உடனுக்குடன் வெளியிட்டது. மூன்றாவது நிலையில் தளங்களே நகர நினைவின் கருவூலமாகியுள்ளன. ஆனால் அக்கருவூலத்திற்குப் பூட்டுமில்லை, காவலுமில்லை.

தமிழர்க்கு இது கூடுதலான பொருளுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு அங்கு வாழ்ந்தோரின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்தது. நகர நடுவிலும் அவ்வாறு நேர்ந்துவிடக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் 2010ஆம் ஆண்டில் 'லிட்டில் இந்தியா' என அலங்கார வளைவுகளோடு திறந்து வைக்கப்பட்டது. வளைவுகள் வருவோரை வரவேற்கும். அங்கு வாழ்ந்தோரை நினைவில் வைக்க எழுத்தே வேண்டும்.

இவ்வகையில் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகள் செய்யக்கூடியவை சில உண்டு. மலேசியத் தமிழ்ச் செய்தித் தளங்களின் பக்கங்களை ஆண்டுதோறும் படியெடுத்து நூலகத்தில் சேமிக்கலாம். நின்றுபோன இதழ்களின் பழைய தொகுதிகளை உரிமையாளரிடமும் வாசகரிடமும் பெற்று மின்படியாக்கலாம். மாணவர்க்கு ஒரு தெருவைப் பகுத்துக் கொடுத்து, அதனைப் பற்றிய செய்திகளைக் கால வரிசைப்படி தொகுக்கச் செய்யலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. தொடர்ச்சியான உழைப்பே வேண்டும். 1896ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூர்த் தெருக்களில் நடந்து செய்தி எழுதியோர் தம் கடமையைச் செய்தனர். அவர்கள் எழுதியதைக் காப்பது ஆய்வுலகின் கடமையாகும்.